முதுகில் 1966 என்று இருக்கிறதே, வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 49 வயது. தொடக்கப்பள்ளிக் காலத்தில் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பார்பியைப் பார்த்தபடியே நின்றுவிடுவேன். அப்பா கையைப் பிடித்து இழுத்துப் போவார். வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒவ்வொன்றாக வாங்கி, இன்று வீட்டில் 60 பொம்மைகளுக்கு மேல் இருக்கின்றன. இப்போது இணையச் சந்தையில் ஒருவர் "1966ஆம் ஆண்டு அசல் பார்பி" என்று ஒன்றை 380 சிங்கப்பூர் வெள்ளிக்குப் போட்டிருக்கிறார். பெட்டி இல்லை. முதுகில் 1966, அதன் கீழே மலேசியா என்று பொறித்திருக்கும் படமும் அனுப்பினார். பல் தெரியச் சிரிக்கும் முகம். வாங்கலாமா? ஏமாந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா?
– ஈசூன் வாசகி

பதில்: அந்த விலைக்கு வேண்டாம், அக்கா.

முதுகில் இருக்கும் எண் பொம்மை செய்த ஆண்டு அல்ல. இடுப்பைத் திருப்பக்கூடிய உடலுக்கு, பார்பியைச் செய்யும் மேட்டல் நிறுவனம் உரிமை பதிந்த ஆண்டு அது. 1990களில் செய்த பல பொம்மைகளின் முதுகிலும் அதே 1966தான் இருக்கும். விற்பவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லமாட்டேன். பலர் அந்த எண்ணைப் பார்த்து உண்மையாகவே நம்பிவிடுகிறார்கள்.

வயதைச் சொல்வது நாட்டின் பெயரும் முகமும்தான். 1960களின் பார்பிகள் பெரும்பாலும் ஜப்பானில் செய்யப்பட்டவை. நீங்கள் சொல்லும் அந்தச் சிரிப்பு 1977இல் வந்த சூப்பர்ஸ்டார் பார்பியோடு வந்தது. பின்னந்தலை முடியைத் தூக்கி, கழுத்து விளிம்பைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே 1976 என்று இருந்தால் பேச்சு முடிந்தது: அந்தத் தலை 1966இல் இருந்திருக்கவே முடியாது. மலேசியா என்றும் இருப்பதால் 1980களோ 90களோ என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இதில் எனக்கு மனம் நிறைந்த ஒன்று உண்டு. 1966இல் நீங்கள் பிறக்கவே இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் நின்று உங்களைப் பார்த்துச் சிரித்தது இந்த முகமாகத்தான் இருக்கும். அதற்காக வாங்குங்கள், ஆனால் அதற்குரிய விலையில். விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்றுப்போன விலையைப் பாருங்கள். அந்தக் காலத்தில் செய்து குவித்த பொம்மைகள் இவை. பெட்டியில்லாமல் 380 வெள்ளி மிக அதிகம்.

அப்புறம் காது. சில வருடங்களுக்கு முன் சந்தை ஒன்றில் நான் ஒரு பொம்மை வாங்கினேன். முடி அழகாகச் சுருண்டு காதை மூடியிருந்தது. வீட்டுக்கு வந்து முடியை ஒதுக்கினால், தோட்டைச் சுற்றிக் கன்னம் வரை பாசி படிந்தது போலப் பச்சை. உலோகத் தோட்டிலிருக்கும் செம்பு மென்பிளாஸ்டிக்கோடு சேர்ந்து உண்டாக்கும் கறை அது. துடைத்தால் போகாது. பருவுக்குப் போடும் களிம்பைத் தடவி வெயிலில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். கன்னம் வெளுத்துப்போகும் என்பதால் நான் செய்வதில்லை. உங்களிடம் இருக்கும் 60ஐயும் இந்த வாரமே பாருங்கள். உலோகத் தோடு இருந்தால் கழற்றித் தனியாக வையுங்கள். அடர்நிறத் துணியும் காலில் சாயம் விடும். நம் ஊர் ஈரத்துக்குக் கேமரா வைத்திருப்பவர்கள் வாங்கும் ஈரம் உறிஞ்சும் அலமாரி நல்லது, ஆனால் விலைமதிப்புள்ளவற்றுக்கு மட்டும் போதும்.

பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டீர்கள். விற்பவர் கடைக்காரர் என்றால் நியாய வர்த்தகச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். தனி ஆள் தன் பொருளை விற்றால் அந்தச் சட்டம் பொருந்தாது. அப்போது சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது: 20,000 வெள்ளி வரை, 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். அங்கே பேசப்போவது "1966" என்று அவர் எழுதிய வரிதான். அதனால் பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த விளம்பரத்தையும் குறுஞ்செய்திகளையும் படமெடுத்து வையுங்கள்.

ஆனால் அந்த வம்பே வேண்டாம். எம்ஆர்டி ரயில் நிலையத்தில் நேரில் சந்தியுங்கள். கழுத்தையும் இரண்டு காதுகளையும் பாருங்கள், பிறகு பணத்தை எடுங்கள். பார்க்க விடாதவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.