ரூபோகாப் விதியில் தவறான மதிப்பு ஏன் பிடிபடுவதில்லை?
ரூபி நிரலின் நடையைச் சோதிக்கும் கருவியான ரூபோகாப்புக்கு நீங்கள் எழுதிய விதிக்கு, அமைப்புக் கோப்பில் பிழையான மதிப்பைக் கொடுத்தாலும் கருவி வாய் திறப்பதில்லை என்கிறீர்கள். உங்கள் விதியின் இயல்புநிலை அமைப்பைப் பாருங்கள். பின்பற்ற வேண்டிய நடையைச் சொல்லும் 'என்ஃபோர்ஸ்டுஸ்டைல்' இருக்கும், அதற்கு அனுமதிக்கப்பட்ட மதிப்புகளைச் சொல்லும் 'சப்போர்ட்டடுஸ்டைல்ஸ்' பட்டியல் விடுபட்டிருக்கும். முதல் பெயரை வைத்தே கருவி இரண்டாவதைத் தேடுகிறது. அகப்படாவிட்டால் சோதிக்காமல் கடந்துவிடுகிறது. எனக்கென்னவோ அங்கே ஓர் எச்சரிக்கையாவது தரலாம் என்று தோன்றுகிறது.

பட்டியல் இருந்தால் கதையே வேறு. மேற்கோள்குறி விதியில் ஒற்றை மேற்கோள்குறியைக் கேட்கும் 'சிங்கிள்_கோட்ஸ்' என்ற மதிப்பின் கடைசி 'ஸ்'ஸை விட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஒரு வரி நிரலைக்கூட ஆராயாமல் நின்றுவிடும். எந்த விதி, எந்தக் கோப்பு என்று காட்டி, செல்லுபடியாகும் மதிப்புகளையும் வரிசையாகச் சொல்லும். அந்த வரிசைதான் உண்மையான உதவி. வெறுமனே 'தவறான மதிப்பு' என்றால் ஆவணத்தைத் தேடி அலைய வேண்டியதுதான்.