போன் ஆப்பில் இடுப்பளவு எடுத்தால் ஆய்வுக்குச் செல்லுமா?

கேள்வி: நான் பல்கலைக்கழக இறுதி வருட மாணவி, ஊர் களுவாஞ்சிக்குடி. பட்டிருப்பு வலயத்திலும் கல்முனை வலயத்திலும் படிப்பிக்கும் 200 ஆசிரியர்களின் உயரம், நிறை, இடுப்புச் சுற்றளவு மூன்றையும் எடுத்து, அவர்கள் ஒரு நாளில் உட்கார்ந்திருக்கும் நேரத்தோடு ஒப்பிட வேண்டும். எல்லாரையும் நேரில் போய் அளக்க ஆளும் இல்லை, பஸ் காசும் இல்லை. இரண்டு போட்டோ எடுத்தால் உடல் அளவெல்லாம் சொல்லும் ஆப் ஒன்றைத் தோழி காட்டினாள். அந்த லிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பி அவர்களையே அளந்து போடச் சொன்னால் ஆய்வுக்குச் செல்லுமா?

பதில்: தங்கச்சி, அவர்களே அளந்து அனுப்பலாம். அந்த ஆப் வேண்டாம். அப்புறம், 200 பேரில் ஒரு பங்கினரையாவது நீங்கள் நேரில் போய் அளந்தே ஆக வேண்டும். கடைசியாகச் சொன்னது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும், ஆனால் அது இல்லாமல் அவர்கள் அனுப்பும் எண்களை எந்தளவுக்கு நம்பலாம் என்று உங்களுக்கே தெரியப் போவதில்லை.

முதலில் ஆப்பைப் பார்ப்போம். படம் எடுத்து அளவு சொல்லும் ஆப் எதுவும் உடம்பைச் சுற்றி அளப்பதில்லை. முன்பக்கப் படத்தில் அகலத்தைப் பார்க்கிறது, பக்கவாட்டுப் படத்தில் தடிப்பைப் பார்க்கிறது, இந்த அகலமும் தடிப்பும் உள்ள ஆளுக்குச் சுற்றளவு இவ்வளவு இருக்கலாம் என்று ஏற்கெனவே பழக்கி வைத்த கணக்கை வைத்து ஊகிக்கிறது. வெறும் படத்தில் சென்டிமீட்டர் கிடையாது என்பதால் இப்படிப்பட்ட ஆப்கள் பெரும்பாலும் உயரத்தை முதலில் கேட்டு அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளும். 160 சென்டிமீட்டர் உயரமான ஒருவர் 164 என்று போட்டுவிட்டால் இரண்டரை வீதப் பிழை, 84 சென்டிமீட்டர் இடுப்பு 86 ஆகிவிடும். இந்தப் பிழையை எவ்வளவு கெட்டிக்கார ஆப்பாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வு நடக்கும்போது நடுவில் ஆப் அப்டேட் ஆனால் கணக்கே மாறலாம், முதல் நூறு பேருக்கு ஒரு முறை, மற்ற நூறு பேருக்கு வேறொன்று.

அதைவிடப் பெரிய சிக்கல் உடுப்பு. இந்த ஆப்கள் உடம்போடு ஒட்டின உடுப்பைக் கேட்கும். சாரியோடோ அபாயாவோடோ நின்று எடுத்த படத்தில் ஆப்புக்குத் தெரிவது துணியின் உருவம்தான். இறுக்கமான உடுப்போடு படம் எடுங்கள் என்று கல்முனையிலோ களுவாஞ்சிக்குடியிலோ ஒரு டீச்சரிடம் கேட்டுப் பாருங்கள், அன்றோடு உங்கள் ஆய்வு முடிந்துவிடும். கேட்கவும் கூடாது. அந்தப் படம் எந்த நாட்டு சேர்வரில் போய்க் கிடக்கும், எவ்வளவு காலம் கிடக்கும் என்பதற்கு உங்களால் உத்தரவாதம் தர முடியுமா? இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம், அதுதான் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கான சட்டம், உடல்நலத் தரவை விசேட கவனம் வேண்டிய வகையில் வைத்திருக்கிறது. ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவும் முதலில் இதைத்தான் கேட்கும்.

ஐபோன் ப்ரோ வகைகளில், 2020 இல் வந்த 12 ப்ரோ முதல், தூரத்தை உண்மையாகவே அளக்கும் லைடார் இருக்கிறது, நிற்கும் ஆளின் உயரத்தை அது ஓரளவு நன்றாகவே சொல்லும். ஆனால் உங்கள் 200 பேரில் எத்தனை பேரிடம் அந்தப் போன் இருக்கும்? சிலர் போனில், சிலர் டேப்பில் என்று கலந்துவிட்டால், இரண்டு வலயத்துக்கும் இடையில் தெரியும் வித்தியாசம் உடம்பில் உள்ளதா கருவியில் உள்ளதா என்று பிறகு பிரிக்கவே முடியாது. எல்லாருக்கும் ஒரே முறை, அது கொஞ்சம் மோசமான முறையாக இருந்தாலும் பரவாயில்லை.

இனி அவர்களே அளப்பதற்கு வருவோம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'உங்கள் நிறை எவ்வளவு?' என்று கேட்பது வேறு, 'இப்போது தராசில் ஏறி நின்று பார்த்து எழுதுங்கள்' என்பது வேறு. முதல் கேள்விக்கு நினைவில் உள்ள எண் வரும், அதிலும் உயரத்தைக் கொஞ்சம் கூட்டியும் நிறையைக் கொஞ்சம் குறைத்தும் சொல்வது உலகம் முழுக்க ஆய்வுகளில் கண்ட விஷயம். இரண்டும் சேர்ந்தால் விளைவு பெரிது. 160 சென்டிமீட்டர், 60 கிலோ உள்ளவரின் பிஎம்ஐ, அதாவது கிலோவில் உள்ள நிறையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண், 23.4. அவரே 163, 58 என்று எழுதினால் 21.8. ஆசிய மக்களுக்கு 23 ஐயும் 27.5 ஐயும் கவனிக்க வேண்டிய எல்லைகளாக உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு சொன்னது 2004 இல் வெளியானது. அந்த 23 ஐ வைத்துப் பிரித்தால், மூன்று சென்டிமீட்டரும் இரண்டு கிலோவும் ஒருவரை ஒரு பெட்டியிலிருந்து மற்றதற்குத் தூக்கிப் போட்டுவிடுகிறது.

உயரத்துக்கு எங்கள் ஆட்களிடம் இன்னொரு வில்லங்கம் உண்டு. 5 அடி 4 இன்ச் என்பதை எல்லாரும் 5.4 என்றுதான் எழுதுவார்கள். நீங்கள் அதைத் தசம எண் என்று எடுத்துக் கணினியில் பெருக்கினால் 162.6 சென்டிமீட்டர் இருக்க வேண்டியது 164.6 ஆகும். அது சின்னப் பிழை. 5 அடி 10 இன்ச் உள்ள சேர் ஒருவர் 5.10 என்று எழுத, எக்செல் அதை 5.1 ஆக்கிவிட, 178 சென்டிமீட்டர் மனுசன் 155 க்கு இறங்கிவிடுவார், அவருடைய பிஎம்ஐ வானத்துக்கு ஏறும். ஆகவே அடிக்கு ஒரு பெட்டி, இன்ச்சுக்கு ஒரு பெட்டி என்று படிவத்தில் தனித்தனியே வையுங்கள். முடிந்தால் நினைவில் இருப்பதைக் கேட்காமல் அளக்கவே சொல்லுங்கள்: செருப்பில்லாமல் சுவரோடு குதிகால் ஒட்டி நேரே பார்த்து நிற்க, வீட்டில் உள்ள இன்னொருவர் தடித்த அட்டைப் புத்தகம் ஒன்றைச் சுவருக்குச் செங்குத்தாகப் பிடித்துத் தலையில் அழுத்தி, அடியில் பென்சில் கோடு போட வேண்டும். கொண்டையை அவிழ்த்துவிட்டு நிற்க வேண்டும். காலையிலும் மாலையிலும் உயரத்தில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் வரும் என்பதால் நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

தராசு பெரிய தலையிடி இல்லை. சீமெந்துத் தரையில் வைக்க வேண்டும், பாயின் மேல் வைக்கக்கூடாது. வீட்டில் தராசு இல்லாதவர் பாமசியிலோ எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிஸ் கிளினிக்கிலோ ஏறிப் பார்க்கலாம், எந்தத் தராசு என்பதைக் குறித்தால் போதும். சந்தேகம் என்றால் ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டைக் கையில் பிடித்து ஏறச் சொல்லுங்கள், எண் பத்து கிலோவும் போத்தல்களின் பாரமும் கூட வேண்டும்.

மினக்கெட வேண்டியது இடுப்புச் சுற்றளவில்தான். வெறுமனே இடுப்பு என்று எழுதி அனுப்பினால் ஒருவர் தொப்புளில் பிடிப்பார், ஒருவர் சாரியில் கொசுவம் செருகும் இடத்தில் பிடிப்பார், சேர்மார் பாதிப் பேர் டேப்பைத் தொடாமலேயே 34 என்று ட்ரவுசர் சைஸை எழுதிவிடுவார்கள். ட்ரவுசர் நிற்பது வயிற்றுக்குக் கீழே, அது இடுப்புச் சுற்றளவே அல்ல. வீட்டில் சாரத்தோடு இருப்பவருக்கும் அதே கதைதான், முடிச்சு இருக்கும் இடத்தைப் பிடித்துவிடுவார். உலக சுகாதார ஸ்தாபனத்தின் முறையில் கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் அளக்க வேண்டும். இதைச் சொல்லால் விளக்கினால் யாருக்கும் ஏறாது. விரலை விலாவின் ஓரத்திலிருந்து பக்கவாட்டில் கீழே இறக்கிக்கொண்டு போனால் மெத்தென்று ஓர் இடம் வரும், இன்னும் இறக்கினால் கடினமான எலும்பு தட்டும். அந்த மெத்தென்ற இடத்தின் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி. புள்ளியை ஒட்டி டேப்பைச் சுற்றி, முன்னும் பின்னும் தரைக்குச் சமாந்தரமாக இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்து, இரண்டு மூன்று முறை சாதாரணமாக மூச்சு விட்டு, மூச்சு வெளியே போன முடிவில் எண்ணைப் பார்க்க வேண்டும். டேப் உடம்பைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும், இறுக்கக்கூடாது. பாவாடை நாடாவைத் தளர்த்திவிட்டு அளப்பது நல்லது, அது இறுக்கிய பள்ளம் அளவையும் இழுத்துக்கொண்டு போகும். ஒரு நிமிசம் கழித்து இன்னொரு முறை. இரண்டுக்கும் இடையில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இரண்டையும் திரும்ப அளக்க வேண்டும். இதை ஒன்றரை நிமிச வீடியோவாக, உங்கள் தம்பியையோ அண்ணாவையோ நிறுத்தி, எங்கள் தமிழில் பேசி எடுத்து அனுப்புங்கள். எழுதிய அறிவுறுத்தலை ஒருவரும் வாசிக்க மாட்டார்கள், ஆசிரியர்களும்தான்.

டேப்பை நீங்களே கொடுங்கள். டெய்லர் டேப் மொத்தமாக வாங்கினால் பெரிய செலவில்லை, பாடசாலைக்கு இரண்டு மூன்று கொடுத்துச் சுற்றில் விடலாம். கொடுக்கும் முன் ஒவ்வொன்றையும் ஸ்டீல் டேப்போடு வைத்துப் பாருங்கள், பழைய துணி டேப் இழுபட்டு நீண்டிருக்கும். பிரிண்ட் எடுக்கும் காகித டேப் பக்கமே போகாதீர்கள், பிரிண்டர் தாளுக்குப் பொருத்தமாகச் சுருக்கி எடுத்துவிட்டால் எல்லாருடைய இடுப்பும் ஒரேயடியாகப் பெருத்துவிடும். டேப்பின் ஒரு பக்கம் இன்ச், மறுபக்கம் சென்டிமீட்டர் என்பதால் இரண்டும் மாறி வரும். இதற்குத்தான் போன் உதவும். கோபோ டூல்பாக்ஸ் போன்ற இலவசப் படிவத்தில், 50 க்குக் குறைவான எண் வந்தால் 'இன்ச்சில் எழுதினீர்களா?' என்று அங்கேயே கேட்க வைக்கலாம். படுவான்கரைப் பக்கம் சிக்னல் இல்லாத பாடசாலையிலும் நிரப்பி வைத்துவிட்டு, களுவாஞ்சிக்குடி வந்ததும் அனுப்பலாம். வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் எண்ணைப் போடச் சொல்லிவிடாதீர்கள், அடுத்த நாளே ஸ்டாஃப் ரூமில் பகிடி தொடங்கும்.

சரி, நேரில் அளக்கும் பங்கு. 50, 60 பேரைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். பக்கத்துப் பாடசாலை, தெரிந்த டீச்சர் என்று வசதிக்கு எடுத்தால் பயனில்லை. அவர்கள் தாங்களே அளந்து அனுப்பிய பிறகு, ஒரு கிழமைக்குள், அவர்கள் அனுப்பிய எண்ணைப் பார்க்காமல் நீங்கள் போய் அளக்க வேண்டும். பெண்களைப் பெண்தான் அளக்க வேண்டும், மறைவான அறையில், மெல்லிய துணியின் மேலாக. சேர்மாருக்கு ஓர் ஆண் நண்பரைக் கூட்டிப் போங்கள். இரண்டு பேரும் முதலே பத்துப் பேரை மாறி மாறி அளந்து உங்களுக்குள் எவ்வளவு வேறுபடுகிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

பிறகு பலர் செய்கிற வேலை, இரண்டு வரிசையும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் தொடர்புக் குணகத்தைக் கணித்து 0.95 வந்துவிட்டது, நல்லாயிருக்கிறது என்று எழுதுவது. எல்லாருமே ஐந்து சென்டிமீட்டர் குறைத்துச் சொன்னாலும் தொடர்பு 1 தான் வரும். பார்க்க வேண்டியது வித்தியாசத்தை: ஒவ்வொருவருக்கும் தானே அளந்ததிலிருந்து நீங்கள் அளந்ததைக் கழித்து, அதன் சராசரியையும், சராசரிக்கு இரு பக்கமும் நியம விலகலின் (வித்தியாசங்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவின்) 1.96 மடங்கையும் கணக்கிடுங்கள். பிளாண்ட்–ஆல்ட்மன் என்று புள்ளிவிபரவியல் சேரிடம் சொன்னால் காட்டித் தருவார். சராசரி வித்தியாசம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அந்த 60 பேரை வைத்துத் திருத்தச் சமன்பாடு ஒன்று போட்டு மற்ற 140 பேருக்கும் பயன்படுத்தலாம், ஆண் பெண் தனித்தனியே. விலகல் இரு பக்கமும் அகலமாக இருந்தால் திருத்தம் உதவாது. அப்போது பெண்ணுக்கு 80, ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்கு மேல் போனால் ஆபத்து என்ற எல்லையை வைத்து ஆட்களைப் பிரிக்காமல், எண்ணாகவே வைத்துத் தொடர்பைப் பாருங்கள்.

காசில்லாத சோதனை ஒன்றும் இருக்கிறது. வந்த நிறைகளின் கடைசி இலக்கத்தை எண்ணிப் பாருங்கள். உண்மையாக அளந்திருந்தால் 0 இலும் 5 இலும் முடிபவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். பாதிக்குப் பாதி 55, 60, 65 என்று வந்தால் தராசு கட்டிலுக்கு அடியிலேயே இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

அனுப்பாதவர்களையும் எழுதி வையுங்கள். உயரம், நிறை கொடுத்துவிட்டு இடுப்பளவைக் காலியாக விடுபவர்கள் யார் என்று கவனித்தால், அவர்கள் மற்றவர்களைப் போன்றவர்கள் இல்லை என்பது தெரியலாம். கர்ப்பமாக இருப்பவர்களை இடுப்பளவில் சேர்க்க வேண்டாம், அந்தக் கேள்வியைப் படிவத்தில் மரியாதையாக முதலிலேயே வையுங்கள்.

இரண்டு வலயப் பணிப்பாளர்களிடமும் அனுமதிக் கடிதத்தை இப்போதே கேளுங்கள், அதற்கு எடுக்கும் காலம் உங்கள் கையில் இல்லை. திகதி போடும்போது, கல்முனை வலயத்தில் முஸ்லிம் பாடசாலைகள் நோன்பு மாதத்தில் லீவில் இருக்கும், மற்றவை நடக்கும், தவணை முடிவும் ஒன்றாக வராது என்பதை நினைவில் வையுங்கள். நோன்பில் சாப்பாட்டு நேரமும் தண்ணீரும் மாறுவதால் நிறையும் மாறலாம், ஆகவே அந்த மாதத்தையும் பெருநாளுக்குப் பிந்திய ஒன்றிரண்டு கிழமையையும் விட்டுவிட்டு, இரண்டு வலயத்தையும் ஒரே மாதத்துக்குள் எடுத்து முடியுங்கள்.