பல்லைப் பிடுங்குமுன்: முகவலிக் கேள்விகளும் பதில்களும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முப்பது வருடம் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பல்வலி போலவே இருக்கும் நரம்பு வலியைப் பற்றிக் கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. தெரிந்ததைச் சொல்கிறேன்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு மகள்: அம்மாவுக்கு 63 வயது. வலது மேல் தாடையில் கரண்ட் அடித்த மாதிரி வலி. பல் துலக்கினால், காற்றுப் பட்டால் வருகிறது, சில விநாடிகளில் போய்விடுகிறது. எக்ஸ்ரேயில் பல் நன்றாக இருக்கிறது. ஆனாலும் அதைப் பிடுங்கியே ஆக வேண்டும் என்கிறார்.

அம்மாவைத் தடுத்து நிறுத்துங்கள். நீங்கள் சொல்வது ட்ரைஜெமினல் நியூரால்ஜியா, அதாவது முக்கிளை நரம்பு வலி மாதிரி இருக்கிறது. முகத்தின் தொடு உணர்வையும் பற்களின் வலியையும் மூளைக்குக் கொண்டு போவது முக்கிளை நரம்பு. நெற்றிக்கு ஒரு கிளை, மேல் தாடைக்கு ஒன்று, கீழ்த் தாடைக்கு ஒன்று. இந்த நோய் பெரும்பாலும் தாடைக் கிளைகளில்தான் வரும். அதனால்தான் இவர்கள் முதலில் பல் டாக்டரிடம் வருகிறார்கள்.

பல்லுக்குள் வீக்கம் இருந்தால், குளிர்ந்த தண்ணீர் பட்டதும் வலி கிளம்பி நிமிடக் கணக்கில் விண்விண் என்று தெறிக்கும், ராத்திரி தூங்க விடாது. பல்லில் கீறல் விழுந்திருந்தால், கடித்து விடும்போது சுருக்கென்று குத்தும். நரம்பு வலி அப்படியில்லை. லேசாகத் தொட்டாலே மின்னல் வெட்டும். ஒரு விநாடியிலும் முடியும், அதிகம் போனால் இரண்டு நிமிடம். பிறகு கொஞ்ச நேரம் அமைதி. தூக்கத்தில் எழுப்புவது அரிது. பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு மேல், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

பலருக்குக் காரணம் பல்லிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது. மூளைத் தண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரத்தக் குழாய் நரம்பின் வேரை அழுத்தி, மேலுறையைத் தேய்த்துவிடுகிறது. பல்லைப் பிடுங்குவதால் அந்தக் குழாய் விலகப் போவதில்லை. கிளினிக் டாக்டரிடம் காட்டி நரம்பியல் டாக்டருக்குக் கடிதம் வாங்குங்கள், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வேண்டும் என்று கேளுங்கள். நாற்பது வயதுக்குக் குறைந்தவர்கள், இரண்டு பக்கமும் வலிப்பவர்கள், முகத்தில் மரத்துப் போன இடம் உள்ளவர்கள் ஸ்கேனைத் தள்ளிப் போடவே கூடாது. கட்டியோ, நரம்புகளின் மேலுறையை அரிக்கும் மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸோ இருக்கலாம்.

டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து ஒருவர்: நீங்கள் சொல்வதை ஏற்க முடியவில்லை. என் பெரியம்மாவுக்கு மரத்துப் போகும் ஊசி போட்டதும் வலி நின்றது. பல்லை எடுத்த பிறகு ஆறு மாதம் நிம்மதியாக இருந்தார். அப்படியென்றால் பல்தானே காரணம்?

ஐயா, பல் டாக்டர்களையே ஏமாற்றும் இடம் இது. முகத்தில் எந்த இடத்தைத் தொட்டால் வலி கிளம்புகிறதோ, அந்த இடத்தை ஊசி மரக்க வைத்துவிடுகிறது. தூண்டுதல் இல்லாததால் வலியும் கிளம்புவதில்லை. பல்தான் காரணம் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

அதே ஃபீனிக்ஸ்காரர்: ஊசி சரி. ஆறு மாத நிம்மதிக்கு என்ன பதில்?

இந்த நோய் தானாகவே ஓய்வெடுக்கும். வாரக் கணக்கில், மாதக் கணக்கில், சிலருக்கு வருடக் கணக்கில்கூட வலி இருக்காது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் பல்லைப் பிடுங்க வருகிறோம். அதன்பின் வரும் ஓய்வைப் பிடுங்கியதன் பலன் என்று நம்பிவிடுகிறோம்.

தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம் ஒரு அம்மாவின் நல்ல பற்கள் இரண்டை நானே எடுத்தேன். நாலு மாதம் வலி இல்லை. வீட்டில் செய்த பலகாரத்தோடு வந்து நன்றி சொன்னார். ஐந்தாம் மாதம் வந்து பக்கத்துப் பல்லைக் காட்டினார். பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த இரண்டு பற்களை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. பெரியம்மாவுக்கு ஆறு மாதம் கழித்து என்ன ஆனது என்று நீங்கள் எழுதவில்லையே?

அதே ஃபீனிக்ஸ்காரர்: திரும்ப வந்தது. இன்னும் இரண்டு பல் எடுத்தார்கள்.

போதும் ஐயா, இனி ஒரு பல்லும் வேண்டாம். இந்த வாரமே அவரை டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

வெருலத்திலிருந்து: மாமா தைப்பூசக் காவடிக்குக் கன்னத்தில் அலகு குத்துவார். இப்போது முகவலி. அலகுதான் காரணமா?

அலகு போவது கன்னச் சதை வழியாக. நரம்பு வேர் மண்டைக்குள் இருக்கிறது. மின்னல் வலிக்கும் அலகுக்கும் சம்பந்தமில்லை. குத்திய இடத்தில் ஓயாத எரிச்சலும் மரப்பும் இருந்தால் மட்டும் சிறு கிளை அடிபட்டிருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். வேண்டுதலை நிறுத்தச் சொல்லி மாமாவை வருத்த வேண்டாம்.

டோங்காட்டிலிருந்து: கிராண்ட்பா தலைவலிப் பவுடர் தினம் மூன்று சாப்பிடுகிறேன், கேட்கவில்லை.

கேட்காது. அதில் இருப்பவை ஆஸ்பிரின், பாரசிட்டமால், காஃபின். நரம்பு மின்னலுக்கு அவை உதவாது, வயிற்றைத்தான் புண்ணாக்கும். நிறுத்துங்கள்.

பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்: டெக்ரெட்டால் கொடுத்திருக்கிறார்கள். அது வலிப்பு மாத்திரை அல்லவா?

ஆமாம், கார்பமசெபைன். இந்த நரம்பு வலிக்கும் அதுதான் முதல் மருந்து, 1960களிலிருந்து கொடுக்கிறார்கள். சிறிய அளவில் தொடங்கிக் கூட்டுவார்கள். சில நாட்களில் வலி நன்றாகக் குறைந்தால் நோய் இதுதான் என்பதற்கே அது ஒரு அடையாளம். ஆனால் கவனம் வேண்டும். முதல் சில மாதங்களில் தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் அன்றே டாக்டரிடம் ஓடுங்கள், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆசிய வம்சாவளியினரில் ஒரு மரபணு இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். தொடங்குமுன் சோதிக்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2007-இல் அறிவுறுத்தியது. நாமும் அந்த வம்சாவளிதான், உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொன்று, இந்த நாட்டில் இதைச் சொல்லாமல் விடக்கூடாது. எச்.ஐ.வி.க்கான டோலுடெக்ராவிர், கருத்தடை மாத்திரை, கருத்தடை இம்பிளான்ட், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எல்லாவற்றின் பலனையும் இந்த மருந்து குறைத்துவிடும். வெட்கப்படாமல் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் சொல்லாமல் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம்.

லெனேசியாவிலிருந்து: எனக்கும் கரண்ட் மாதிரி வலி. பல்லைப் பிடுங்கலாமா?

மேலே சொன்னதைப் படியுங்கள்.

ஐசிபிங்கோவிலிருந்து: கடைவாய்ப் பல்லில் கரண்ட் மாதிரி...

பிடுங்க வேண்டாம். முதல் பதிலையும் ஃபீனிக்ஸ்காரருக்குச் சொன்னதையும் தயவுசெய்து படியுங்கள்.

ஸ்டேங்கரிலிருந்து: ஒரு பக்கம் முகம் கோணிவிட்டது, கண் மூடவில்லை, வலி இல்லை.

அது வேறு நரம்பு. பக்கவாதமாகவும் இருக்கலாம், இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: படியேறினால் கீழ்த் தாடை வலிக்கிறது, உட்கார்ந்தால் போய்விடுகிறது.

இதயத்தைப் பாருங்கள், பல்லை அல்ல. நம் குடும்பங்களில் மாரடைப்பு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். இன்றே டாக்டரிடம் போங்கள். உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தால் 10177-க்கு ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள்.

ஃபீனிக்ஸ்காரர் மறுபடியும்: மாத்திரையும் கேட்காவிட்டால்?

ஆபரேஷன் இருக்கிறது. காதுக்குப் பின்னால் சிறு துளை போட்டு, ரத்தக் குழாய்க்கும் நரம்புக்கும் நடுவில் டெஃப்லான் துண்டு வைப்பார்கள். 1960களில் பீட்டர் ஜானெட்டா வளர்த்தெடுத்த முறை. மயக்க மருந்து தாங்காதவர்களுக்குக் கதிர்வீச்சும் ஊசி வழிச் சிகிச்சையும் உண்டு. டர்பனில் இங்கோசி ஆல்பர்ட் லுத்துலி மருத்துவமனையில் நரம்பு அறுவைப் பிரிவு இருக்கிறது. நேராகப் போனால் பார்க்க மாட்டார்கள், வேறு மருத்துவமனையிலிருந்து கடிதம் வேண்டும்.

சாட்ஸ்வொர்த் மகள்: அம்மா சம்மதித்துவிட்டார். ஆனால் பல் துலக்கவே பயப்படுகிறார்.

மாத்திரை வேலை செய்யும் நேரமாகப் பார்த்துத் துலக்கச் சொல்லுங்கள். மென்மையான பிரஷ், வெதுவெதுப்பான தண்ணீர். வலிக்காத பக்கத்தில் தொடங்கட்டும். ஒரு மின்னல் அடித்து ஓய்ந்ததும் வரும் அமைதியில் மறுபக்கத்தை முடித்துவிடலாம். வெளியே போகும்போது முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொள்ளட்டும். வலி அடங்கிய பிறகு பல் டாக்டரிடம் சாதாரணப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். எந்தப் பல்லைத் தொடுவதற்கு முன்பும் இந்த நோயைப் பற்றி அவரிடம் சொல்லிவிடுங்கள்.