முதலாமாண்டுத் தத்துவ வகுப்பில் புதிய மாணவர்களை எப்படித் தெரிந்துகொள்வது?

கேட்டவர் இந்த ஆண்டுதான் ஒரு கலைக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். முதலாமாண்டுக்குத் தத்துவ அறிமுகத் தாள் எடுக்கிறார். முதல் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொல்லலாமா என்று கேட்கிறார். சென்னையில் அதே தாளை எடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: வேண்டாம்.

பேர், ஊர், அப்பா என்ன வேலை என்று வரிசையாக ஒப்பிப்பதில் யாரைப் பற்றியும் ஒன்றும் தெரியவராது. அதைவிட, நம் பக்கம் ஊரையும் அப்பாவின் தொழிலையும் விசாரிப்பது பல சமயம் சாதியைச் சுற்றிவளைத்துக் கேட்பதுதான். கேட்கிறவருக்கு அந்த எண்ணம் இல்லாவிட்டாலும், பதில் சொல்ல எழுந்து நிற்கிற பிள்ளைக்கு அப்படித்தான் படும். "ஏன் தத்துவம் எடுத்தாய்?" என்றும் கேட்காதீர்கள். பலருக்கும் உண்மையான பதில் "பி.காம். கிடைக்கல சார்." அதை எல்லார் முன்னாலும் சொல்ல வைப்பானேன்?

தற்செயலாக இந்தத் துறைக்கு வருவது ஒன்றும் குறையில்லை. பின்னாளில் குடியரசுத் தலைவரான சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தத்துவம் எடுத்ததற்கே, படித்து முடித்த உறவினர் ஒருவரின் பாடப்புத்தகங்கள் செலவில்லாமல் கிடைத்ததுதான் காரணம் என்பார்கள். 1909-இல் அவர் மாநிலக் கல்லூரியில் தத்துவ ஆசிரியராகச் சேர்ந்துவிட்டார். இதை முதல் நாளே சொல்லிவிடுவேன். கடைசி பெஞ்சில் கொஞ்சம் சிரிப்பு வரும்.

அப்புறம் ஒரு கதை. பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் வரும் கிளாக்கன் என்ற பாத்திரம் சொல்வது. ஓர் இடையனுக்கு மோதிரம் ஒன்று கிடைக்கிறது. அதை உட்பக்கம் திருப்பினால் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். அரசனைக் கொன்று நாட்டையே பிடித்துக்கொள்கிறான். இப்படி ஒரு மோதிரம் கிடைத்தால் நல்லவனும் கெட்டவனும் ஒரே வேலையைத்தான் செய்வார்கள் என்பது கிளாக்கன் வாதம். "உன்னிடம் இருந்தால் என்ன செய்வாய், ஏன்?" ஆளுக்கு அரைப் பக்கம். தமிழோ ஆங்கிலமோ, இரண்டையும் கலந்தோ எழுதலாம். இந்த மொழிச் சலுகை முக்கியம். தமிழ் வழியில் படித்து வந்து, வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் தாளில் பிரமாதமாக வாதாடுவார்கள்.

கேள்வித்தாள் இருக்கும் அறைக்குள் போவேன் என்று சிலராவது எழுதுவார்கள். சிலர் பள்ளியில் மனப்பாடம் செய்த 'தன்நெஞ் சறிவது பொய்யற்க' குறளை எழுதி முடித்துவிடுவார்கள். என்னை உட்காரவைத்த பதில் ஒரு மாணவி எழுதியது: ராத்திரி பத்து மணிக்கு மேல் தனியாக மெரினா வரைக்கும் நடந்து போய் வருவேன், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாமல் போனால் மனிதர்கள் தப்பு செய்வார்கள் என்பதுதானே கிளாக்கன் கணக்கு? தப்பே இல்லாத ஒன்றைச் செய்யவும் சிலருக்கு மோதிரம் தேவைப்படுகிறது என்பது அந்தக் கணக்கில் இல்லை. அந்தப் பெண் எப்படி யோசிப்பவள் என்று எனக்கு அன்றே தெரிந்துவிட்டது. ஊரும் மார்க்கும் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

தாளைத் திருத்தாதீர்கள். கீழே ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பிக் கொடுங்கள். குறள் எழுதியவருக்கு, "நெஞ்சு சுடாதவன் என்ன செய்வான்?" கேள்வித்தாள் எடுத்தவருக்கு, "எல்லாரிடமும் மோதிரம் இருந்தால் தேர்வு எதற்கு?" இதற்குப் பதில் சொல்லவே சிலர் வராண்டாவில் மடக்குவார்கள். பேரும் முகமும் அப்போது தானாகப் பதியும். யாருடைய பதிலையும் அவரைக் கேட்காமல் வகுப்பில் வாசித்துவிடாதீர்கள்.

மதிப்பெண் மட்டும் போடவே கூடாது. போட்டால் அத்தனை பேரும் உத்தமர்களாகிவிடுவார்கள். துறைத் தலைவர் கணக்குக் கேட்டால் 'வகுப்புப் பயிற்சி' என்று பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன்.