புல்வெட்டும் டிராக்டர்: பெட்ரோல் மேலே ஏறவில்லையா?

ஏற்காட்டு எஸ்டேட்டில் இன்ஜின் மாற்றிய புல்வெட்டும் டிராக்டர் இரண்டு நிமிடத்தில் நின்றுவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றாதீர்கள், பாவம் அது. உங்கள் டேங்க் சீட்டுக்கு அடியில், கார்புரேட்டரைவிடத் தாழ்வாக இருக்கிறது. பம்ப் இழுத்தால்தான் பெட்ரோல் ஏறும்.

பம்பில் மூன்று மூக்கு இருக்கும். ஒன்று டேங்குக்கு, ஒன்று கார்புரேட்டருக்கு. மூன்றாவது கிராங்க்கேஸுக்கு, அதாவது பிஸ்டனுக்குக் கீழே ஆயில் இருக்கும் இன்ஜின் கூட்டுக்குப் போக வேண்டும். பிஸ்டன் ஏறி இறங்கும்போது அங்கே மாறும் காற்றழுத்தம்தான் பம்பின் டயாபிரத்தை, அதாவது உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வை ஆட்டுகிறது. இந்த மூன்றாவது மூக்கின் குழாய் சுவர் தடித்ததாக, குட்டையாக இருக்கட்டும். நான் ஒருமுறை மீன்தொட்டிக் குழாயைச் சொருகிவிட்டு, அது சப்பிப்போய் அரைநாள் முழித்தேன்.

உங்கள் பம்பின் மூன்றாவது குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் இருந்தால் டயாபிரம் கிழிந்திருக்கிறது. அந்தக் கிழிசல் வழியாகப் பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் கலந்திருக்கலாம்; அதனால் அப்புறம் டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பியை முகருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.