இங்கிலாந்தின் ஓல்டம் எப்படிப்பட்ட ஊர்? மான்செஸ்டரின் புறநகர்தானா?

வரைபடத்தில் அப்படித்தான் தெரியும். உள்ளூர்க்காரரிடம் சொன்னால் முகம் சுளிப்பார். கிரேட்டர் மான்செஸ்டரின் பத்து வட்டாரங்களில் ஒன்றாக 1974இல் அமைந்தது ஓல்டம் வட்டாரம். ஆனால் ஊரை வளர்த்தது பருத்திதான். ஈரக்காற்று நூல் அறாமல் காத்தது, நிலக்கரி பக்கத்திலேயே கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து நூற்றதைவிட அதிகமான பருத்தி இங்கே நூற்கப்பட்டது. ஓல்டத்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் இந்திய ஆலைகளுக்கும் இயந்திரம் விற்றது. பிறகு அந்த ஆலைகளே போட்டிக்கு வந்து நின்றது தனி வேடிக்கை. 1998இல் கடைசி நூற்பாலையும் ஓய்ந்தது.

அதற்கு முன்பே, இரவு ஷிப்டுக்கு ஆள் கிடைக்காத 1960களில், பாகிஸ்தானிலிருந்தும் இன்றைய வங்கதேசத்திலிருந்தும் தொழிலாளர்கள் வந்தார்கள். வேலை போனது, குடும்பங்கள் நிலைத்தன. தெருக்கள் இனவாரியாகப் பிரிந்து கிடந்ததன் விலையை 2001 மே மாதக் கலவரத்தில் ஊர் கொடுத்தது.

செங்கல் ஆலைகள் இன்னும் பல இடங்களில் நிற்கின்றன; சிலவற்றின் புகைபோக்கியில் ஆலையின் பெயரை வெள்ளைச் செங்கல்லிலேயே பதித்திருப்பார்கள். உள்ளே இப்போது கிடங்குகள். கிழக்கே மலையடிவாரத்தில் சாடில்வொர்த் கிராமங்கள். 1974 வரை யார்க்‌ஷயரில் இருந்தவை. அங்கே பலர் இன்றும் தங்களை யார்க்‌ஷயர்காரர் என்றே சொல்லிக்கொள்கிறார்கள்.