தாத்தா வேலை பார்த்த போர்க்கப்பல்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என் தாத்தா 1971-இல் ஐ.என்.எஸ். கிர்பானின் பாய்லர் அறையில் ஸ்டோக்கராக (பாய்லரின் தீயைக் கவனிப்பவராக) இருந்தவர். பாட்டியின் எண்பதாவது பிறந்தநாளுக்கு அந்தக் கப்பலின் மாடலைச் செய்து தர ஆசைப்படுகிறேன். கடைகளில் கிட் கிடைக்கவில்லை. நானே செய்ய முடியுமா? எந்த அளவில் செய்யலாம்?
— வாசகர், வியாசர்பாடி

பதில்: முடியும். கிட்டைத் தேடி நாளைக் கழிக்காதீர்கள். தாத்தாவின் சர்வீஸ் சர்டிஃபிகேட்டை எடுத்து, அவர் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை அந்தக் கப்பலில் இருந்தார் என்று பாருங்கள். 1978-இல் கிர்பான் கடலோரக் காவல்படைக்குப் போய்விட்டது. அதற்குப் பிந்தைய படத்தைப் பார்த்துக் கட்டினால் பாட்டிக்கு அது வேறு கப்பலாகத்தான் தெரியும்.

கிர்பான் பிரிட்டிஷ் ‘பிளாக்வுட்’ வகை. பிரிட்டனுக்குப் பன்னிரண்டும் நமக்கு குக்ரி, கிர்பான், குத்தார் என்று மூன்றும் கட்டினார்கள். 1971 பாகிஸ்தான் போரில், டிசம்பர் 9 இரவு குஜராத் கரையோர டியூவுக்கு அப்பால் குக்ரி மூழ்கியபோது உடன் இருந்தது கிர்பான்தான். வரைபடத்துக்கும் படங்களுக்கும் பிரிட்டிஷ் சகோதரக் கப்பல்களைப் பாருங்கள். அவற்றில் எக்ஸ்மவுத் என்ற கப்பலை மட்டும் விட்டுவிடுங்கள். அதைப் பின்னாளில் கேஸ் டர்பைனுக்கு மாற்றியதில் புகைபோக்கியும் தோற்றமும் மாறிவிட்டன. வீட்டு ஆல்பத்தில் டெக்கில் நின்று எடுத்த குரூப் போட்டோ இருந்தால் அதுதான் பொக்கிஷம். மனிதர்களுக்குப் பின்னால் தெரியும் கதவு, ஏணி, வென்டிலேட்டர் எல்லாவற்றையும் நிற்பவரின் உயரத்தை வைத்துக் கணக்கிடலாம்.

அளவு 1:200 என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜக் கப்பல் 310 அடி நீளம், 33 அடி அகலம். மாடல் சுமார் 47 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அகலமும் வரும். நிஜத்தின் ஒரு மீட்டர் இங்கே 5 மி.மீ. ஆகவே 5 மி.மீ. சன்போர்டை (விளம்பரப் பலகைக்குப் பயன்படும் நுரைப் பிளாஸ்டிக் தகடு) அடுக்கடுக்காக ஒட்டினால் ஒவ்வொரு அடுக்கும் ஒரு மீட்டர் உயரம். ஒவ்வொரு அடுக்கின் இரு பக்கமும் நடுக்கோடு போட்டு, இரண்டு இடத்தில் 3 மி.மீ. துளையிட்டு மூங்கில் குச்சி செருகி ஒட்டுங்கள். குச்சி இல்லாமல் ஒட்டினால் பசை இறுகும்போது அடுக்கு நழுவும். அடியுடல் முறுக்கிக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான். சன்போர்டை லேசர் கட்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். அது பி.வி.சி.; எரிந்தால் நச்சுவாயு வரும். புது பிளேடு போதும்.

அணியத்திலிருந்து (கப்பலின் முன்முனை) பின்பக்கம் வரை பத்து இடத்தில் அட்டை டெம்பிளேட் வெட்டி வைத்து, தேய்க்கத் தேய்க்க ஒப்பிட்டுப் பாருங்கள். படிக்கட்டு போன்ற பள்ளங்களை ஹார்டனர் கலக்கும் பாலியஸ்டர் பட்டியால் (பள்ளம் நிரப்பும் பசை) நிரப்புங்கள். ஹார்டனர் இல்லாமல் தானே காயும் என்.சி. பட்டியைத் தடிப்பாக அப்பினால் சில மாதங்களில் சுருங்கி, அடுக்குக்கோடுகள் பெயின்டுக்கு மேலே தெரியும். கடைசி ஊசிக்கீறல்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மேல் டெக்கை மூடுவதற்கு முன் ஒரு வேலை. புகைபோக்கிக்கு நேர் கீழே, பாய்லர் அறை வரும் இடத்தில், நடு அடுக்குகளைக் குடைந்துவிடுங்கள். தாத்தாவின் பெயரும் சர்வீஸ் எண்ணும் பொறித்த சிறு பித்தளைத் தகட்டை அங்கே ஒட்டி மூடுங்கள். காகிதம் வேண்டாம், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். ஸ்டோக்கர் வேலை செய்த இடம் வெளியே தெரியாது. அவருடைய வேலை வெளியே தெரியும் ஒரே இடம் அந்தப் புகைபோக்கி. மற்ற பாகங்களுக்கு ஒரு நாள் என்றால் அதற்கு மூன்று நாள் கொடுங்கள்.

மேல்கட்டுமானத்துக்கு 1 மி.மீ. ஹிப்ஸ் (பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்) ஷீட். பீரங்கிகள் மூன்றும் 40 மி.மீ. போஃபர்ஸ்; குழல் நம் அளவில் சுமார் 11 மி.மீ. மருந்துக்கடையில் விற்கும் 27 கேஜ் ஊசியின் வெளிவிட்டம் 0.4 மி.மீ.தான், முனையை அறுத்துவிட்டால் அப்படியே பொருந்தும். கைப்பிடிக் கம்பிகளுக்கு மோட்டார் வைண்டிங் கடையில் 36 கேஜ் செப்புக் கம்பி கேளுங்கள். அதன் மேல்பூச்சான எனாமலைச் சுரண்டாமல் சால்டர் (ஈயப்பற்று) ஒட்டாது. குண்டூசி எங்கும் வேண்டாம். நம் கடற்காற்றில் பெயின்டுக்கு அடியிலேயே துருப்பிடித்துப் பழுப்புக் கோடு இறங்கும்.

சாம்பல் நிறத்தைக் கப்பலில் இருந்த அதே அடர்த்தியில் அடித்தால் மாடல் இருண்டு தெரியும். பத்துக்கு ஒரு பங்கு வெள்ளை கலந்து, பகல் வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: மாஸ்டிலிருந்து கட்டும் வயர்லெஸ் கம்பிகளுக்கு நூல் கட்டினேன். ஒரே வாரத்தில் தொய்ந்துவிட்டது. ஏன்?
— வாசகி, திருவொற்றியூர்

பதில்: பருத்தி நூல் காற்றின் ஈரத்துக்கேற்ப நீண்டு சுருங்கும்; மேலே பிசிறும் தெரியும். பிளாஸ்டிக் மாடல் கிட்டில் பாகங்களை வெட்டிய பின் மிஞ்சும் குச்சியை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே, சுடர் தொடாமல் உருட்டுங்கள். நடுப்பகுதி பளபளத்ததும் வெளியே எடுத்துச் சீராக இழுத்தால் முடியளவு இழை வரும். இரு முனையையும் ஒட்டி, பசை முழுதாகக் காய்ந்த பிறகு எரியும் ஊதுபத்தியை ஒரு செ.மீ. தூரத்தில் காட்டினால் இழை தானே விறைக்கும். ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள், நெருங்கினால் அறுந்துவிடும்.

கேள்வி: நவம்பரில் ஸ்ப்ரே செய்த லாக்கர் பெயின்ட் வெள்ளையாகப் பூத்துவிட்டது. முடித்த மாடலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் போதுமா?
— வாசகர், மடிப்பாக்கம்

பதில்: தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, மழைக்கால ஈரம் அதன்மேல் படிகிறது. மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னரை மெல்லிய தூறலாக அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். அடுத்த முறை மழை விட்ட நாளில், நண்பகலை ஒட்டி மெல்லிய கோட்டுகளாக அடியுங்கள்.

பெட்டி அவசியம். பாரிமுனை தேவராஜ முதலி தெருக் கண்ணாடிக் கடைகளில் அளவு கொடுத்துச் செய்யலாம். நாலாபுறமும் 5 செ.மீ. இடம் விடுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானால் ஒட்டவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எடைக்காக மாடலுக்குள் ஈயக்குண்டு போட்டிருந்தால் அந்த ஆவி ஈயத்தை அரித்து வெள்ளைத் தூளாக்கும், வீங்கி அடியுடலைப் பிளக்கவும் செய்யும். எடை வேண்டுமென்றால் பித்தளைத் துண்டுகள் போடுங்கள்.